காற்று குடிக்கும் நீர்: வாளையாரிலிருந்து தரங்கம்பாடி வரை

பாலக்காட்டிலிருந்து கோவைக்கு வரும் நெடுஞ்சாலை வாளையாரைத் தாண்டியதும், ஆடி மாதத்தில் வண்டியின் கண்ணாடியை இறக்கி வைக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. மற்ற இடங்களில் மலையில் மோதி மழையாகக் கொட்டிவிடும் தென்மேற்குப் பருவக்காற்று, இந்தக் கணவாய் வழியே தடையில்லாமல் தமிழ்நாட்டுக்குள் புகுகிறது. எட்டிமடை, மதுக்கரைப் பக்கத்துத் தென்னைகளின் ஓலைகள் எல்லாம் கிழக்கு நோக்கி வாரிவிட்டபடி நிற்கின்றன. வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சில தோட்டங்களின் மேற்கு ஓரத்தில் அகத்தி வரிசை காற்றை வாங்கிக்கொள்கிறது. காற்று குலை சாய்ப்பதும் மரம் முறிப்பதும் எல்லோருக்கும் தெரியும். பயிரிலிருந்தும் மண்ணிலிருந்தும் அது சத்தமில்லாமல் எடுத்துச் செல்லும் நீரோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நீரை அளக்கத் தெரிந்தவர்களின் கணக்கைப் பின்தொடர்ந்து கடல் வரை போவதுதான் இந்தப் பயணம்.

வழியைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், காவிரிக் கரையின் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், வங்கக் கடலோரத்துத் தரங்கம்பாடி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 11 பாகையில், அமைந்திருக்கின்றன. கணவாயிலிருந்து கடல் வரை நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரே அட்சரேகை என்றால், வானத்தின் உச்சியில் வந்து சேரும் வெயில் எல்லா ஊருக்கும் ஒன்றே. ஆடி மாத நாள் ஒன்றில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 37 மெகாஜூல். அவ்வளவு ஆற்றலும் தரைக்கு வந்து நீரை ஆவியாக்க மட்டுமே செலவானால் நாளொன்றுக்கு 15 மில்லிமீட்டர் நீர் மேலே போய்விடும். மேகமும் தூசும் ஒரு பங்கைத் தடுக்கின்றன, பசும்பரப்பு ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, தரையிலிருந்து வெப்பமாக ஒரு பங்கு வெளியேறுகிறது. மிச்சத்தில் ஊருக்கு ஊர் எவ்வளவு நீர் போகிறது என்பதில்தான் வேளாண்மையின் பெரிய கேள்வி இருக்கிறது.

கோவை மருதமலைச் சாலையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வயல்களுக்கு நடுவே வானிலைக் கூடம். வேலியிட்ட புல்தரையில் வெப்பமானிகளை வைக்கும் வெள்ளை அடித்த ஸ்டீவன்சன் பெட்டி, கிண்ணங்கள் சுழலும் காற்றுவேகமானி, மழைமானி, வெயில் நேரத்தை அட்டையில் எரித்துப் பதியும் கண்ணாடிக் கோளம். காலை அளவெடுக்கும் நேரம் 7 மணி 22 நிமிடம். கேட்கும்போது விந்தையாக இருக்கும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு தீர்க்கரேகையின் நேரம். கோவை அதற்கு 5.5 பாகை மேற்கே இருப்பதால், இங்கே சூரியனின் கணக்கில் 7 மணி ஆகும்போது கைக்கடிகாரம் 7.22 காட்டுகிறது. பயிருக்குக் கைக்கடிகாரம் தெரியாது. அதனால் வேளாண் வானிலைக் கூடங்கள் உள்ளூர்ச் சூரிய நேரத்தைப் பின்பற்றுகின்றன.

மூலையில் மரச்சட்டத்தின் மேல் ஒரு வட்டத் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. விட்டம் சுமார் 1.2 மீட்டர், ஆழம் 25 சென்டிமீட்டர். பறவைகள் குடித்துவிடாமல் இருக்க மேலே கம்பி வலை. நேற்றிலிருந்து இன்றுவரை இதில் எத்தனை மில்லிமீட்டர் நீர் குறைந்தது என்பதே காற்றும் வெயிலும் சேர்ந்து குடித்த அளவு. தொட்டி நீர் பகலில் எல்லாப் பக்கமும் சூடேறுகிறது, இரவிலும் ஆவியாகிறது. பயிரோ இரவில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. எனவே தொட்டியின் அளவை ஒரு குணகத்தால் பெருக்கித்தான் பயிருக்குக் கொண்டுவர வேண்டும். பொதுவாக அது 0.7 அளவில் இருக்கும். தொட்டி எளிமையானது, மலிவானது, பொய் சொல்லாதது. அது இருக்கும் இடத்தைச் சுற்றிப் புல் இருக்கிறதா, வெறும் மண்ணா என்பதைப் பொறுத்துக் குணகம் மாறிவிடும் என்பதுதான் அதன் குறை.

இந்திய வேளாண் வானிலையியலுக்கு வித்திட்டவர் பாலக்காட்டில் 1900இல் பிறந்த எல். ஏ. ராமதாஸ். 1932இல் புனேயில் வானிலைத் துறையின் வேளாண் பிரிவு தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்றார். தெளிந்த இரவுகளில் தரையைவிட அதற்குச் சற்று மேலே உள்ள காற்று அதிகம் குளிர்ந்திருக்கும் என்று கண்டு சொன்னவர் அவர். அந்த அடுக்கை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். கணவாயின் ஒரு வாசலில் பிறந்தவர் தரையை ஒட்டிய காற்றை ஆராய வாழ்நாளைக் கொடுத்தார் என்பது, இந்த வழியில் போகிற யாருக்கும் நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

தொட்டியிலிருந்து சூத்திரத்துக்கு வந்த கதை இங்கிலாந்தில் நடந்தது. ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஹோவர்டு பென்மன் என்ற இயற்பியலாளர் திறந்த நீர், வெற்று மண், புல் ஆகிய மூன்றிலிருந்தும் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று அளந்தார். 1948இல் வெளிவந்த அவர் கட்டுரை இரண்டு தனிக் கணக்குகளை ஒன்றாக்கியது. நீர் ஆவியாக ஆற்றல் வேண்டும், அது வெயில். ஆவியானது அங்கேயே தேங்காமல் விலக வேண்டும். அது காற்றும் காற்றின் வறட்சியும். 1965இல் ஜான் மோன்டீத், இலைத்துளைகள் நீரை விடுவதில் காட்டும் தடையையும் இதில் சேர்த்தார். பிற்காலத்தில் மோன்டீத் ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்திலும் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் எண் நூல், பென்மன்–மோன்டீத் முறையையே உலகம் முழுமைக்கும் அளவுகோலாக்கியது.

அந்த அளவுகோல் ஒரு கற்பனைப் புல்தரை. உயரம் 12 சென்டிமீட்டர், நீருக்குக் குறைவில்லை, நோய் இல்லை, மேலே விழும் வெயிலில் 23 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெப்பம், ஈரப்பதம், வெயில், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் காற்று வேகம் ஆகிய நான்கையும் கொடுத்தால், அந்தப் புல்தரை இன்று எத்தனை மில்லிமீட்டர் நீர் செலவழிக்கும் என்று சூத்திரம் சொல்லும். அதன் பிறகு பயிர்க் குணகம். தண்டும் இலையும் நிறைந்த மக்காச்சோளம் புல்லைப் போல 1.2 மடங்கு குடிக்கும். முளைத்து வரும் நாட்களில் 0.3 மடங்குதான். கரும்பு நடுப்பருவத்தில் 1.25. நிலக்கடலை 1.15. ஊருக்கு ஒரு புல் கணக்கு, பயிருக்கு ஒரு குணகம் என்று இரண்டாகப் பிரித்ததில்தான் இந்த முறையின் அழகு இருக்கிறது. வானிலைக் கூடம் தன் வேலையைச் செய்யட்டும், பயிரை உழவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கணவாய்க் காற்றை இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஆடி மாதக் கோவைக்குப் பொருந்தக்கூடிய ஒரு நாள்: பகல் உச்சம் 33 டிகிரி, இரவுத் தாழ்வு 23, மிதமான ஈரப்பதம், மேகம் பாதி மறைத்த வெயில். காற்று நொடிக்கு 2 மீட்டர் என்றால் புல்தரையின் செலவு 5 மில்லிமீட்டர். மற்றவை எதுவும் மாறாமல் காற்று மட்டும் நொடிக்கு 4 மீட்டர் ஆனால் 6 மில்லிமீட்டர். கொடியில் போட்ட துணி காற்றடிக்கும் நாளில் சீக்கிரம் உலர்வதும் இதே கணக்குத்தான். ஒரு மில்லிமீட்டர் என்பது சிறியதாகத் தெரியலாம். ஓர் ஏக்கரில் அது 4,047 லிட்டர்.

சூலூர் தாண்டிப் பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. மின்சாரத்துக்கு வரமான காற்று, கீழே நிற்கும் மக்காச்சோளத்துக்குச் செலவு. ஆனால் காற்றாலைக்காரர்களின் அளவை அப்படியே எடுத்துப் பயிருக்குப் போடக் கூடாது. தரையை நெருங்க நெருங்கக் காற்று தளரும். 10 மீட்டர் உயரத்தில் அளந்த வேகத்தை 2 மீட்டருக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.75ஆல் பெருக்க வேண்டும். இந்தச் சின்ன மாற்றத்தை மறந்து செய்த கணக்குகள், இல்லாத தாகத்தைப் பயிருக்கு ஏற்றிவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் இந்த இடத்துக்கே உரியது. வானிலைக் கூடம் பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு நாசாவின் பவர் தரவுத் தளம் எந்தக் கட்டணமும் இல்லாமல் நாள்வாரியாக வெப்பம், வெயில், காற்று எல்லாம் தருகிறது. பயன்படுத்தத் தெரிந்த மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் தன் ஊருக்கு 30 ஆண்டுக் கணக்கை எடுத்துவிடலாம். ஆனால் அந்தத் தளத்தின் வானிலைக் கட்டம் ஒவ்வொன்றும் 50 கிலோமீட்டருக்கு மேல் நீள அகலம் கொண்டது. கணவாயின் அகலமோ அதைவிடக் குறைவு. மலையும் கணவாயும் ஒரே கட்டத்துக்குள் கலந்து சராசரியாகிவிடும்போது, பல்லடத்துக் காற்றின் உண்மை அதில் எப்படித் தெரியும்? வானிலிருந்து வரும் தரவைத் தரையில் இருக்கும் ஒரு காற்றுவேகமானியோடு ஒப்பிடாமல் நம்பக் கூடாது.

வெப்பமானி மட்டுமே இருக்கும் இடத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. ஹார்கிரீவ்ஸ் 1985இல் தந்த சூத்திரத்துக்கு அன்றைய அதிக, குறைந்த வெப்பமும் அட்சரேகையும் போதும். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு கூடினால் வானம் தெளிவாக இருந்திருக்கும், வெயில் அதிகம் விழுந்திருக்கும் என்பது அதன் எளிய தர்க்கம். 34 டிகிரி உச்சமும் 24 டிகிரி தாழ்வும் உள்ள ஆடி நாளுக்கு அது சுமார் 5.2 மில்லிமீட்டர் தருகிறது. காற்று அதன் கண்ணில் படுவதே இல்லை. அதனால் கணவாய் ஊர்களில் அது குறைத்துச் சொல்லும்.

பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இடையே சாலையோரத் தோட்டம் ஒன்றில் சொட்டுநீர் வாழை. உரையாடல் வழக்கமான இடத்தில் வந்து நின்றது.

"ஏனுங்க, மோட்டாரை எப்ப நிறுத்துவீங்க?"

"கரண்டு போனா நிக்குமுங்க."

இந்தப் பதிலைக் கொங்கு நாட்டில் எந்தக் கிணற்று மேட்டிலும் கேட்கலாம். பதில் சொன்னவர் சோம்பேறி இல்லை. விடியுமுன் எழுந்து வரப்பைச் சுற்றி வருகிறவர். அவரிடம் யாரும் எண்ணைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்படி இருக்கும்: இன்று புல் கணக்கு 6 மில்லிமீட்டர். குலை தள்ளும் வாழையின் குணகம் 1.1. பெருக்கினால் 6.6. ஏக்கருக்கு 26,700 லிட்டர். சொட்டுநீரில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால் 29,700 லிட்டர் விட வேண்டும். ஏக்கருக்கு 1,200 மரம் என்றால் மரத்துக்கு 25 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு 5 லிட்டர் தரும் மோட்டார் 1 மணி 39 நிமிடம் ஓடினால் போதும். காற்று அடங்கிய நாளில் 1 மணி 22 நிமிடம். மோட்டார் நொடிக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்று தெரிய ஒரு டிரம்மும் கைப்பேசிக் கடிகாரமும் போதும்.

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா உழவர்க்கும் பாசன மின்சாரம் இலவசம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார்கள் அந்த இணைப்பில் ஓடுகின்றன. சிறு உழவரைத் தாங்கிப் பிடித்த திட்டம் அது; அதைக் குறை சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனால் மின்சாரத்துக்குக் கணக்கு இல்லாதபோது நீருக்கும் கணக்கு இல்லாமல் போயிற்று. கோவையின் ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேற்குப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் போவதைப் பார்க்கிறவர்களுக்கு, மேலே சொன்ன 17 நிமிட வேறுபாடு அற்பமாகத் தோன்றாது.

எவ்வளவு என்ற கேள்வியோடு எப்போது என்ற கேள்வியும் இருக்கிறது. வாய்க்காலில் பாய்ச்சும் மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 120 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்காகப் பிடித்து வைக்கும் செம்மண். வேர் 60 சென்டிமீட்டர். அப்படியானால் வேருக்கு எட்டும் இருப்பு 72 மில்லிமீட்டர். அதில் பாதி தீர்வதற்குள் அடுத்த தண்ணீர் கட்டிவிட வேண்டும், அதாவது 36. நாளொன்றுக்கு 7.2 மில்லிமீட்டர் செலவு என்றால் ஐந்து நாளுக்கு ஒரு தண்ணீர். கார்த்திகையில் காற்றும் வெயிலும் இறங்கியபின் அதே வயல் எட்டு நாள்கூடத் தாங்கும். ஆண்டு முழுவதும் வாரம் ஒரு தண்ணீர் என்று பழக்கத்தில் பாய்ச்சினால், ஆடியில் பயிர் வாடும், கார்த்திகையில் உரம் வேருக்குக் கீழே வழிந்து போகும்.

காங்கயத்தை அடைந்ததும் பாசனமே தேவைப்படாத ஓர் ஏற்பாடு கண்ணில் படுகிறது. கொறங்காடு. முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், மேயும் காங்கயம் மாடுகள். வானத்தின் தாகம் மழையைவிடப் பல மடங்காக இருக்கும் நிலத்தில், மழை வந்தால் தழைத்து வராவிட்டால் காய்ந்து காத்திருக்கும் புல்லைத் தேர்ந்தவர்கள் நீர்க்கணக்கை நன்றாகவே அறிந்தவர்கள். அந்தப் புல்லை உழுதுவிட்டு ஆழ்துளைக் கிணறு போட்டுத் தென்னை வைப்பதற்கு முன், ஒரு தென்னை ஆண்டு முழுவதும் குடிக்கும் நீரைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

வெள்ளகோவில், கரூர் தாண்டி மாயனூர் கதவணையில் காவிரி கூட வருகிறது. அங்கிருந்து குளித்தலை வரை வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி திருச்சிக்காரர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் உறுதிப்படும். கணவாய்க் காற்று இந்த ஊர்களுக்கு வரும்போது ஈரத்தை இழந்து சூடாகியிருக்கிறது. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் வறட்சி கூடியிருப்பதால் அதன் பசி குறைவதில்லை.

கல்லணையில் பேச்சின் அலகே மாறிவிடுகிறது. இதுவரை லிட்டரும் மில்லிமீட்டரும். இங்கே கன அடியும் டி.எம்.சி.யும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரியும் இடத்தில் நிற்கும் உழவருக்கு, மேட்டூரில் எத்தனை அடி என்பதுதான் முதல் கேள்வி. 1934இல் திறந்த மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள்.

இந்த இரண்டு அலகுகளையும் இணைக்கும் ஒரு கணக்கைக் காவிரி டெல்டாவின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2 கோடியே 83 லட்சம் கன மீட்டர். அதை ஒரு லட்சம் ஏக்கரில் பரப்பினால் 70 மில்லிமீட்டர் நிற்கும். அவ்வளவுதான். இப்போது கோவைக் காற்றில் பார்த்த அந்த ஒரு மில்லிமீட்டரை இங்கே கொண்டுவாருங்கள். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடுதல் செலவு, 70 நாள், 10 லட்சம் ஏக்கர். 10 டி.எம்.சி. போய்விட்டது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. ஒதுக்கியது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 404.25ஆகக் குறைத்தது. குறைந்த அளவு 14.75 டி.எம்.சி. ஒரு மாநிலமே கொந்தளித்த அளவுக்கும், காற்றும் வெயிலும் அறியாமல் பிழையாகப் போட்ட பயிர்நீர்க் கணக்கு தவறவிடும் அளவுக்கும் பெரிய தூரம் இல்லை. அணை நீரைப் பற்றி வாதாடுகிற ஒவ்வொருவரும் வானம் குடிக்கும் நீரைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

நெல்லுக்கு வந்ததும் வானிலைக் கணக்கு பாதிக் கதையாகிவிடுகிறது. நிறுத்திக் கட்டிய நீர் மேலே போவதோடு கீழேயும் இறங்குகிறது. தஞ்சையின் பழைய டெல்டாவில் களிமண் கீழ்க்கசிவைப் பிடித்து நிறுத்துகிறது. மேட்டூர்த் திட்டத்தோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மண் வேறு; செம்மண்ணும் மணலும் கலந்தது. வானத்தின் தாகம் ஒன்றாகவே இருந்தாலும் அங்கே வயல் அதிக நீர் கேட்கும். இரண்டையும் பிரித்து அளக்க இந்திய விஞ்ஞானி என். ஜி. தஸ்தானே ஓர் எளிய வழி காட்டினார். வயலுக்குள் டிரம்களைப் புதைக்க வேண்டும். ஒன்றுக்கு அடிப்பகுதி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே பயிர். அடி உள்ள டிரம்மில் குறையும் நீர் மேலே போனது. அடியில்லாததில் குறைவது மேலேயும் கீழேயும் போனது. கழித்தால் கசிவு. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனையை எந்த விவசாயக் கல்லூரி மாணவரும் தன் சொந்த வயலில் செய்து பார்க்கலாம்.

திருவையாறு, கும்பகோணம் வழியாக ஆடுதுறை. நெல் ரகப் பெயர்களில் வரும் ஏடிடி என்ற மூன்று எழுத்தைத் தமிழ்நாட்டு நெல் வயல்களில் பரப்பிய நிலையம் இங்கே 1922 முதல் இயங்குகிறது. 79.5 பாகை கிழக்கில் இருப்பதால் சூரியனின் 7 மணி இந்த ஊரில் கைக்கடிகாரத்தின் 7.12. கோவைக்கு 10 நிமிடம் முன்பே பகல் தொடங்கிவிடுகிறது.

டெல்டாவின் இரண்டு பெரும் பருவங்களை வானிலைக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கவனிக்க வேண்டிய ஒன்று தெரிகிறது. குறுவை குறுகிய காலப் பயிர்; நடவுக்குப் பின் சுமார் 85 நாள் வயலில் நிற்கும். கோடை வெயிலும் மேல்காற்றும் உள்ள மாதங்கள். புல் கணக்கு 6 மில்லிமீட்டர், நெல்லின் பருவச் சராசரிக் குணகம் 1.1 என்று வைத்தால் 561 மில்லிமீட்டர் வானத்துக்குப் போகிறது. சம்பா 110 நாள் வயலில் நிற்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியின் மேகத்தில் புல் கணக்கு 4 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 484 மில்லிமீட்டர். நீண்ட காலப் பயிர் குறைவாகவே குடிக்கிறது! போதாததற்கு வடகிழக்குப் பருவமழையும் அதன் பங்குக்கு வருகிறது. குறுவை தேவையில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. டெல்டாவின் வருமானத்தில் பாதி அதில் இருக்கிறது என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம். நீர் குறைந்த ஆண்டில் எந்த வாரத்தில் நடுவது, எந்த வயதுடைய ரகத்தைத் தேர்வது என்ற முடிவை இந்த எண்களை வைத்து எடுக்க வேண்டும் என்பதே பொருள்.

மழையையும் அப்படியே கூட்டிக்கொள்ள முடியாது. கார்த்திகையில் ஒரே மாதத்தில் 300 மில்லிமீட்டர் கொட்டினால், அமெரிக்க மண்வளத் துறை வகுத்த, பாசன நீரைக் கணக்கிடும் கிராப்வாட் மென்பொருள் பின்பற்றும் கணக்கு அதில் 155ஐ மட்டுமே பயிருக்குப் பயன்பட்டதாகக் கொள்ளும். மிச்சம் வடிகாலில் கடலுக்குப் போகும். 120 மில்லிமீட்டர் மிதமாகப் பெய்த மாதத்திலோ 97 பயிருக்கே சேர்ந்துவிடும். ஆண்டு மழை இவ்வளவு, ஆகவே பாசனம் இவ்வளவு போதும் என்று ஒரே கழித்தலில் முடிவுகட்டுகிறவர்கள் இதை மறக்கிறார்கள்.

ஒரு பருவ நெல்லுக்கு நாற்றங்கால் முதல் அறுவடை வரை 1,240 மில்லிமீட்டர் என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரைகளில் வழங்கும் அளவு. அதில் சேறடிக்க மட்டும் 200. வானம் குடிப்பது ஏறக்குறைய பாதி. மறு பாதி மண்ணில் இறங்குவதும் வாய்க்காலில் கசிவதும். வானத்திடம் பேரம் பேச முடியாது, மண்ணிடம் முடியும். அதற்கு டெல்டாவில் பழைய சொல்லே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய துளையிட்ட குழாய் அதற்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தது. குழாயை வயலில் செருகி வைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பொறுத்து, பிறகு பாய்ச்சினால் விளைச்சல் குறைவதில்லை. பூக்கும் வாரத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும்.

"நிக்கிற தண்ணியப் பாத்தாத்தாங்க மனசு அடங்குது" என்றார் திருவிடைமருதூர்ப் பக்கத்தில் வரப்பில் நின்ற பெரியவர். முறை வைத்து விடும் நீர் அடுத்த முறை வருமா என்று தெரியாதவரிடம், வயலைக் காயவிடுங்கள் என்று சொல்வதற்கு முன் அந்த அடுத்த முறையை உறுதி செய்ய வேண்டும். பயிர்நீர்க் கணக்கு வயலில் தொடங்கி மதகில் முடிய வேண்டிய காரியம். மதகைத் திறப்பவரிடம் இந்த வாரத்தின் எண் இல்லையென்றால் வயலில் இருக்கும் குழாயால் பயனில்லை.

மயிலாடுதுறை தாண்டித் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு முன்னால் கடல். பிற்பகலில் காற்று திசை மாறிக் கடலிலிருந்து வீசுகிறது. கணவாயில் பார்த்ததைவிடக் குறைவில்லாத வேகம் சில நேரம். ஆனால் இது ஈரம் சுமந்த காற்று. ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பயிரிடமிருந்து அதிகம் எடுத்துக்கொள்ளாது. அதே 11 பாகை, அதே வெயில், அதே வேகம், வேறு எண்.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்க இனி புதிதாக எதுவும் வேண்டியதில்லை. சூத்திரம் 1998 முதல் முடிவாக இருக்கிறது. கிராப்வாட் மென்பொருளை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தானியங்கி வானிலை நிலையங்கள் வட்டாரங்கள்தோறும் நிற்கின்றன. குறைவது கடைசி ஒரு மைல். கலிபோர்னியாவில் 1982 முதல் சிமிஸ் என்ற அரசு வலையமைப்பு வானிலை நிலையங்களின் அளவிலிருந்து அன்றாடப் புல் கணக்கை உழவருக்குப் பொதுவில் வெளியிட்டு வருகிறது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், மதகுக்கருகில் உள்ள நீர்வளத் துறைக் கட்டடத்திலும் ஒரு கரும்பலகை இருந்தால் போதும். வாரம் ஒரு முறை, மில்லிமீட்டரில் எழுதி அதன் கீழேயே ஏக்கருக்கு லிட்டரிலும், டெல்டாவில் மாவுக்கு லிட்டரிலும் எழுத வேண்டும். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான ஒரு மா நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 1,350 லிட்டர். வாசிக்கும் நீங்கள் உழவரானால், அடுத்த முறை விரிவாக்க மையத்துக்குப் போகும்போது விதையையும் மானியத்தையும் கேட்பதோடு இந்த வாரத்தின் எண்ணையும் கேளுங்கள்.